அடைத்துப்போன மொபெட் கார்புரேட்டர்: துளை தெரியும்வரை வேலை முடியவில்லை

இரண்டு மூன்று வருடம் ஓரமாக நின்ற டூ ஸ்ட்ரோக் மொபெட். புது பிளக் போட்டாகிவிட்டது, பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிதாக ஊற்றியாகிவிட்டது. சோக் போட்டால் இஞ்சின் பிடிக்கிறது. சோக்கை எடுத்தால் நின்றுவிடுகிறது. கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே அடித்தால் கொஞ்ச நேரம் ஓடுகிறது, அப்புறம் பழையபடிதான். கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார்கள், வீட்டில் கழற்றிச் சுத்தம் செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தாராளமாகப் பார்க்கலாம். இந்தச் சின்னக் கார்புரேட்டர்களில் தேயக்கூடிய பாகங்களே குறைவு. நின்றுபோன வண்டியில் பெரும்பாலும் கெட்டுப்போயிருப்பது கார்புரேட்டர் அல்ல, அதற்குள் இருக்கும் ஒன்றிரண்டு துளைகள் மட்டும்தான். ஆனால் ஒன்று: வெளியிலிருந்து ஸ்ப்ரே அடிப்பதைச் சுத்தம் செய்ததாகக் கணக்கில் வைக்காதீர்கள். ஜெட்டை, அதாவது பெட்ரோலை அளந்துவிடும் நுண்துளை உள்ள சின்னப் பித்தளைத் திருகை, கழற்றிக் கையில் பிடித்து, வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, துளை வட்டமாகத் தெரிகிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். அதுவரை வேலை முடியவில்லை.

ஸ்ப்ரே ஏன் வேலை செய்த மாதிரி தோன்றுகிறது? ஏர் ஃபில்டர் பக்கமாக அடிக்கும் திரவம் நேராக இஞ்சினுக்குள் போய் எரிகிறது. அதுவே அந்த நேரத்துக்கு எரிபொருள். முக்கிய ஜெட்டான மெயின் ஜெட் இருப்பதோ கீழே, பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணமான ஃப்ளோட் பௌலுக்குள், பெட்ரோலில் மூழ்கியபடி. மேலிருந்து அடித்தது அங்கே போய்ச் சேரவே இல்லை. டேங்கில் ஊற்றும் கிளீனருக்கும் இதே கதிதான். லேசான படிவத்தை அது கரைக்கலாம். முழுதாக அடைத்த துளை வழியாகப் பெட்ரோலே போகாதபோது அதில் கலந்த மருந்து மட்டும் எப்படிப் போகும்?

நீங்கள் சொல்லும் அறிகுறி தெளிவானது. சோக் காற்றைத் தடுக்கிறது; காற்று குறைந்தால் இஞ்சின் உறிஞ்சும் வேகத்துக்கு ஜெட்டிலிருந்து கூடுதலாகப் பெட்ரோல் ஏறும். சோக்கோடு ஓடி, சோக் இல்லாமல் நின்றால், பெட்ரோல் வருகிறது, ஆனால் போதவில்லை என்று அர்த்தம். ஜெட் பாதி அடைத்திருக்கிறது, அல்லது எங்கோ காற்று கசிந்து உள்ளே போகிறது. இரண்டில் முதலாவதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்.

அதுவரை சமாளிக்கலாம் என்று பாதி சோக்கில் வண்டியை ஓட்டாதீர்கள். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் போகும் ஆயிலும் அதே ஜெட் வழியாகத்தான் வருகிறது. ஜெட் அடைத்தால் கலவை லீனாகி, அதாவது காற்றுக்குப் பெட்ரோல் போதாமல், வெப்பம் ஏறும், அதே நேரத்தில் ஆயிலும் குறையும். இரண்டும் சேர்ந்தால் பிஸ்டன் சீஸ் ஆகிவிடும், அதாவது சிலிண்டருக்குள் இறுகிப் பிடித்துக்கொள்ளும். முழுதாக அடைத்த ஜெட் வண்டியை ஓடவே விடாது, அதனால் இஞ்சினுக்குச் சேதமில்லை. பாதி அடைத்ததுதான் இஞ்சினைத் தின்னும். ஆயிலுக்குத் தனி பம்ப் உள்ள வண்டியில் ஆயில் பற்றாக்குறை வராது; வெப்பம் வரும்.

பெட்ரோல் ஏன் இப்படி அடைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், எதைத் தேடுகிறோம் என்று தெரிந்தால் வேலை சுலபம். பௌலில் நிற்கும் பெட்ரோலில் லேசான பகுதிகள் முதலில் ஆவியாகிப் போகின்றன. மிச்சமிருப்பது காற்றோடு சேர்ந்து ஆக்ஸிஜனேற்றம் அடைந்து, முதலில் பிசினாகவும் பிறகு வார்னிஷ் பூசிய மாதிரி மஞ்சள் கலந்த பழுப்புப் படலமாகவும் ஆகிறது. டூ ஸ்ட்ரோக்கில் கூடவே ஆயிலும் தங்கிவிடுவதால் பிசுபிசுப்பு இன்னும் அதிகம். எத்தனால் கலந்த பெட்ரோலாக இருந்தால் அது காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். ஓர் அளவுக்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். கார்புரேட்டர் உடம்பு துத்தநாக அல்லது அலுமினியக் கலவையில் வார்த்தது. தண்ணீர் பட்ட இடத்தில் வெள்ளையாக மாவு பூத்திருக்கும், பித்தளை ஜெட்டில் பச்சையாகக் களிம்பு ஏறியிருக்கும். பிசின் கரையும். களிம்பு அவ்வளவு லேசில் கரையாது.

கழற்றும் முன் சில சோதனைகள். பெட்ரோல் ட்யூபை கார்புரேட்டர் முனையில் உருவி ஒரு பாட்டிலுக்குள் விட்டு, டேப்பைத் திறந்து பாருங்கள். தடையில்லாமல் ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் குற்றவாளி மேலே இருக்கிறார். முதலில் நன்றாக வந்து போகப்போகக் குறைந்தால் டேங்க் மூடியைத் திறந்துவிட்டுப் பாருங்கள். உடனே ஒழுக்கு கூடினால் மூடியிலுள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது, ஒரு ஊசியோடு தீரும் வேலை. நன்றாகக் கிக் அடித்துவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காய்ந்து இருந்தால் பெட்ரோல் வரவில்லை, நனைந்திருந்தால் கார்புரேட்டரை விட்டுவிட்டு ஸ்பார்க்கைப் பாருங்கள். டூ ஸ்ட்ரோக்கில் சைலன்சர் கரி பிடித்து அடைப்பதும் உண்டு. அப்போது வண்டி ஸ்டார்ட் ஆகும், ஆனால் வேகம் எடுக்காமல் மூச்சுத் திணறும்.

சரி, கழற்றுவோம். காற்றோட்டமான இடம், பக்கத்தில் நெருப்பு, சிகரெட், ஹீட்டர் எதுவும் கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகப் பரவி எட்ட இருக்கும் தீயைப் போய்த் தொடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். ஒரு துளையில் ஸ்ப்ரே அடித்தால் அது எதிர்பாராத இன்னொரு துளை வழியாகப் பீய்ச்சும், அது பெரும்பாலும் உங்கள் கண்ணுக்கு நேராகத்தான் இருக்கும்.

முதலில் வண்டியிலேயே கார்புரேட்டரின் வெளிப்புறத்தைத் துடைத்துவிடுங்கள். வெளியிலுள்ள மண் உள்ளே போனால் பழைய அடைப்பை எடுத்துப் புது அடைப்பை வைத்த கதையாகும். டேப்பை மூடி, ட்யூபை உருவி, மேல்மூடியைத் திறந்து ஆக்சிலரேட்டர் கேபிளோடு ஸ்லைடை, அதாவது ஏறி இறங்கிக் காற்றுவழியைத் திறந்து மூடும் துண்டை, வெளியே இழுங்கள். ஸ்லைடில் ஊசி இருந்தால் அதன் கிளிப் எந்தக் காடியில் இருக்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லோர்ட்டோ என்ற தயாரிப்பாளரின் எஸ்.ஹெச்.ஏ. வகை போன்ற எளிய மொபெட் கார்புரேட்டர்களில் இந்த ஊசியே கிடையாது, தேடிக் கலங்க வேண்டாம். அதேபோல் ஐட்லிங்குக்கு, அதாவது ஆக்சிலரேட்டரை முறுக்காமல் இஞ்சின் மெதுவாக ஓடுவதற்கு, தனி ஐடில் ஜெட் இல்லாத கார்புரேட்டர்களும் உண்டு. அவற்றில் ஸ்லைடைக் கொஞ்சம் தூக்கி நிறுத்தும் ஒரு ஸ்க்ரூ மட்டும்தான் இருக்கும்.

பௌலைக் கழற்றும்போது உள்ளே இருக்கும் பெட்ரோலைக் கீழே விடாதீர்கள். ஒரு கண்ணாடிக் குடுவையில் பிடித்து, சற்றுநேரம் அசையாமல் வையுங்கள். அடியில் தெளிவான குமிழ்போல உருண்டால் தண்ணீர். சிவப்பாக மண்டி படிந்தால் டேங்கில் துரு. கறுப்பாக ரப்பர் துணுக்குகள் தெரிந்தால் ட்யூப் உள்ளுக்குள் கரைகிறது. மீதி வேலை எங்கே இருக்கிறது என்பதை அந்தக் குடுவையே காட்டிவிடும்.

ஸ்க்ரூக்கள் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானியக் கார்புரேட்டர்களில் இருப்பது பார்ப்பதற்கு ஸ்டார் ஸ்க்ரூ மாதிரி இருந்தாலும் ஜே.ஐ.எஸ். என்ற ஜப்பானியத் தரத்தில் செய்த வேறு வடிவம். சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவரின் முனை அதில் முழுதாக உட்காராமல் நழுவித் தலையைத் தின்றுவிடும். ஜெட்டுக்கு அதன் காடியின் அகலத்துக்குச் சரியாக உட்காரும் பிளாட் டிரைவர் வேண்டும். பித்தளை மெத்தென்ற உலோகம், ஒருதடவை விளிம்பு மழுங்கினால் பிறகு கழற்றுவது பெரும்பாடு. வராவிட்டால் கிளீனரில் ஒரு இரவு ஊறவிட்டுப் பிறகு முயலுங்கள்.

ஐட்லிங் கலவையைச் சரிசெய்யும் ஏர் ஸ்க்ரூ இருந்தால், கழற்றுவதற்கு முன் அதை மெதுவாக உள்பக்கம் முறுக்கி, எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். முட்டிய பிறகு அழுத்தாதீர்கள். அதன் கூர்முனை உட்காரும் இடம் கெட்டுவிட்டால் அப்புறம் ஐட்லிங் ஒருநாளும் சரியாக நிற்காது. ஸ்க்ரூவோடு ஒரு ஸ்பிரிங் வரும், சிலவற்றில் பொடி வாஷரும் ஓ ரிங்கும் வரும். கீழே ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள், ஸ்பிரிங் தெறித்துப் போனால் எங்கே போனது என்று ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம்.

பௌலில் பெட்ரோல் மட்டத்தோடு மிதக்கும் ஃப்ளோட்டின் பின்னை எடுக்கும்போது மட்டும் அவசரம் கூடாது. பின்னைத் தாங்கும் இரண்டு தூண்களும் வார்ப்பு உலோகம், தட்டினால் ஒடிந்துவிடும், ஒடிந்தால் புதுக் கார்புரேட்டர்தான். பல கார்புரேட்டர்களில் பின் ஒரு பக்கம் இறுக்கமாகவும் மறுபக்கம் தளர்வாகவும் இருக்கும். தளர்வான பக்கத்திலிருந்து தள்ளுங்கள். தள்ளும் தூணுக்கு அடுத்த பக்கம் விரலால் தாங்கிக்கொள்ளுங்கள்.

இனி ஜெட். கதையின் மையமே இதுதான், இதில் நேரம் செலவழியுங்கள். ஜெட்டின் மேல் ஒரு எண் பொறித்திருக்கும். டெல்லோர்ட்டோ, பிங் போன்ற தயாரிப்புகளில் அது துளையின் விட்டம், மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்காக. 56 என்றால் 0.56 மில்லிமீட்டர். இந்தத் துளையின் சுவரில் 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு, அதாவது ஒரு தாளின் தடிமனைவிடக் குறைவாக, வார்னிஷ் படிந்தால் விட்டம் 0.50 ஆகிவிடும். பரப்பளவில் கணக்குப் போட்டால் ஐந்தில் ஒரு பங்கு போச்சு. வெளிச்சத்தில் பார்த்தால் துளை திறந்திருப்பது போலவே தெரியும். வண்டி மட்டும் சோக் கேட்கும். அதனால் வெளிச்சம் தெரிந்தால் மட்டும் போதாது, ஓரம் கூர்மையாக, வட்டம் சுத்தமாக, உள்சுவர் பித்தளையாக மின்ன வேண்டும். உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாவிட்டால் போன் கேமராவில் நெருக்கிப் பாருங்கள்.

இதே கணக்கு மறுபக்கமும் வேலை செய்யும். இரும்புக் கம்பியையோ டிரில் பிட்டையோ விட்டுக் குடைந்து 0.56 துளை 0.62 ஆனால் பெட்ரோல் வழி 20 சதவீதத்துக்கும் மேல் கூடிவிடும். பிறகு வண்டி புகை கக்கும், பிளக் கறுக்கும், அந்த எண்ணுக்கு அர்த்தமே இருக்காது. ஜெட்டைக் கிளீனரில் ஊறப்போடுங்கள். ஊறிய பின் மின் வயருக்குள் இருக்கும் பல இழைகளில் ஒற்றைச் செம்பு இழையை எடுத்து உள்ளே விட்டு முன்னும் பின்னும் இழுங்கள். இந்த இழைகள் பெரும்பாலும் 0.2 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். செம்பு பித்தளையைவிட மெத்தென்றது, கீறாது. நைலான் தூண்டில் நரம்பும் நல்லதுதான். குண்டூசி, சேஃப்டி பின் எல்லாவற்றையும் எட்டி வைத்துவிடுங்கள்.

ஐடில் ஜெட் இருந்தால் அதன் துளை மெயின் ஜெட்டைவிட மெல்லியது. முதலில் அடைப்பதும் அதுதான், நன்றாகக் கழற்றிப் போட்ட பின்னும் ஐட்லிங் நிற்காவிட்டால் திரும்பப் பார்க்க வேண்டியதும் அதுதான். மெயின் ஜெட்டுக்கு மேலே எமல்ஷன் ட்யூப் இருந்தால் அதன் பக்கவாட்டில் வரிசையாகப் பொடித்துளைகள் இருக்கும். ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாருங்கள். பெட்ரோலோடு காற்று கலப்பது அங்கேதான். பாதி துளை மூடியிருந்தால் இஞ்சின் நடு வேகத்தில் மிஸ் ஆகும்.

உடம்பை ஊறவைக்கும் முன் ரப்பர், பிளாஸ்டிக், ஃப்ளோட், கேஸ்கெட் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கார்புரேட்டர் கிளீனர் ரப்பரை ஊதிப் பெருக்க வைக்கும். வினிகர், எலுமிச்சைச் சாறு என்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொல்வார்கள். அமிலம் களிம்பை எடுக்கும் என்பது உண்மை, கூடவே துத்தநாகத்தையும் அலுமினியத்தையும் சேர்த்தே தின்னும். வெள்ளை பூத்த இடத்துக்குச் சில நிமிடம் போதும், இரவு முழுக்கப் போட்டால் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். காஸ்டிக் சோடா கலந்த கிளீனரை அலுமினியத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள். அல்ட்ராசோனிக் தொட்டி கிடைத்தால் வெதுவெதுப்பான தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும், கை எட்டாத வழிகளுக்கு அதைவிட நல்லது இல்லை.

ஊறிய பிறகு உடம்பிலுள்ள ஒவ்வொரு துளையிலும் ஸ்ப்ரேயின் மெல்லிய குழாயை வைத்து அடித்து, திரவம் எங்கே வெளிவருகிறது என்று பாருங்கள். உள்ளே போவது எங்காவது வெளியே வந்தாக வேண்டும். ஐடில் வழி ஸ்லைடுக்குப் பக்கத்தில், இஞ்சின் ஓரமாக ஒன்றிரண்டு ஊசித்துளைகளாக முடியும். அங்கே பீய்ச்சினால்தான் அது திறந்திருக்கிறது. ஏர் ஃபில்டர் பக்க வாயில் தெரியும் சின்னத் துளைகளையும் மறக்காதீர்கள். பௌலின் காற்றுவழியும் அப்படியே. அது அடைத்தால் பௌலுக்குள் வெற்றிடம் உண்டாகி ஜெட் வழியாகப் பெட்ரோல் சரியாக ஏறாது. கடைசியாகக் காற்றடித்துக் காயவையுங்கள். ஃப்ளோட்டை உள்ளே வைத்துக்கொண்டு கம்ப்ரஸர் காற்று அடிக்க வேண்டாம்.

ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கினால் உள்ளே சலசலப்பு கேட்கக்கூடாது. பித்தளை ஃப்ளோட்டில் சந்தேகமிருந்தால் சூடான தண்ணீரில் முக்குங்கள், ஓட்டை இருந்தால் குமிழி விடும். உள்ளே பெட்ரோல் இருக்கும்போது சால்டரிங் வைப்பது ஆபத்து. தவிர, ஈயம் ஏறினால் எடை கூடி பெட்ரோல் மட்டமும் மாறும், புது ஃப்ளோட் போடுவதே மேல். ஃப்ளோட் உயரும்போது பெட்ரோல் வரவை மூடும் நீடில் வால்வின் கூம்பு முனையில் வளையமாகக் கோடு விழுந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். இதற்கு எளிய சோதனை ஒன்று: ஃப்ளோட்டையும் நீடிலையும் பொருத்தி, கார்புரேட்டரைத் தலைகீழாகப் பிடித்து, பெட்ரோல் நுழையும் முனையில் சுத்தமான ட்யூபை மாட்டி வாயால் ஊதுங்கள். காற்று போகக்கூடாது. நிமிர்த்திப் பிடித்து ஊதினால் தாராளமாகப் போக வேண்டும். பெட்ரோல் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்ப்பதைவிட இது சுத்தமான வழி.

பூட்டும்போது ஜெட்களை உட்கார்ந்தது தெரியும் வரை மட்டும் முறுக்குங்கள். ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்திருக்க வேண்டும்; பக்கவாட்டுக் காடி உள்ளேயிருக்கும் முளையில் உட்காராவிட்டால் மூடியைப் பலவந்தமாகத் திருகாதீர்கள். பூட்டியதும், ஸ்டார்ட் செய்யும் முன், ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். ஸ்லைடு 'டக்' என்று கீழே விழும் சத்தம் கேட்க வேண்டும். அது சிக்கிக்கொண்டால் இஞ்சின் முழு வேகத்தில் அலறும், சாவியும் கைகொடுக்காத வண்டியாக இருந்தால் சோக்கைப் போட்டு மூச்சடைத்துத்தான் நிறுத்த வேண்டியிருக்கும்.

இஞ்சினோடு சேரும் இடத்திலுள்ள கேஸ்கெட்டும் ரப்பரும் பழசாக இருந்தால் புதிது போடுங்கள். ஜெட் பளிச்சென்று இருந்தும் அதே சோக் தொல்லை தொடர்ந்தால் இங்கேதான் காற்று கசிகிறது. ஐட்லிங் தேவையில்லாமல் ஏறி நின்று, ஆக்சிலரேட்டரை விட்ட பின்னும் இறங்கத் தாமதித்தால் அதுவும் இதே அடையாளம்.

ட்யூனிங்கை இஞ்சின் சூடானபின் செய்யுங்கள். எழுதிவைத்த சுற்றுக்கு ஏர் ஸ்க்ரூவை வைத்து, ஐட்லிங்கைக் கொஞ்சம் ஏற்றி, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்று வீதம் இங்குமங்கும் திருப்பி இஞ்சின் எங்கே அதிகச் சுறுசுறுப்பாக ஓடுகிறதோ அங்கே நிறுத்தி, ஐட்லிங்கை இறக்குங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளக்கிறது, வெளியே திருகினால் லீன். இஞ்சின் பக்கம் இருந்தால் பெரும்பாலும் கலவையை அளக்கிறது, வெளியே திருகினால் ரிச், அதாவது பெட்ரோல் கூடும். கொஞ்ச தூரம் நல்ல வேகத்தில் ஓட்டிவிட்டு பிளக்கைப் பாருங்கள். காப்பித்தூள் நிறம் சரி. வெள்ளை வெளேரென்று இருந்தால் அதற்குமேல் ஓட்டாதீர்கள், எங்கோ இன்னும் அடைப்போ கசிவோ இருக்கிறது.

இவ்வளவும் செய்துவிட்டு டேங்கை அப்படியே விட்டால் கொஞ்ச நாளில் திரும்ப இதே இடத்தில் உட்கார்ந்திருப்பீர்கள். குடுவையில் துரு தெரிந்திருந்தால் டேப்பைக் கழற்றி அதன் மேலுள்ள வலையைச் சுத்தம் செய்து, டேங்கை அலசி, ட்யூபைப் புதிதாகப் போடுங்கள். நடுவில் ஃபில்டர் வைப்பதானால் தானாக இறங்கும் பெட்ரோலுக்கென்று செய்த மெல்லிய வலை ஃபில்டராக இருக்கட்டும். பம்ப் உள்ள கார்களுக்கான காகித ஃபில்டர் மொபெட்டில் பெட்ரோலையே தடுத்து, புதிதாக ஓர் அடைப்பை நீங்களே பொருத்தியது போலாகும். இனி வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறீர்கள் என்றால் டேப்பை மூடிவிட்டு, பௌலில் உள்ள பெட்ரோலை வடிகால் ஸ்க்ரூ வழியாக வடித்துவிடுங்கள். வடிகால் இல்லாவிட்டால், நிற்கும் வண்டியில் ஐட்லிங்கிலேயே தானாக அணையும் வரை ஓடவிடலாம்.

மாற்றியே ஆக வேண்டிய நிலையும் உண்டு. ஸ்லைடு உடம்புக்குள் லொடலொடவென ஆடினால், ஃப்ளோட் தூண் ஒடிந்திருந்தால், களிம்பு உள்வழியையே அரித்துவிட்டிருந்தால் சுத்தம் செய்து பயனில்லை. அப்போது பழைய ஜெட்டின் எண், வாயின் விட்டம், ஸ்லைடின் மேல் பொறித்த எண் மூன்றையும் குறித்துக்கொண்டு போங்கள். ஜெட் எண்ணை ஒரு தயாரிப்பிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துப் பொருத்தாதீர்கள். மிக்குனியின் அறுகோணத் தலை ஜெட்டில் இருக்கும் எண் விட்டமல்ல, அதன் வழியே எவ்வளவு பெட்ரோல் போகிறது என்ற அளவு.